கட்டைவிரல் பேச்சு

முந்தானை ஓரத்தைக் கட்டைவிரலில் சுற்றி இறுக்கிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, நேருஜி ரோட்டு செல்போன் கடையில் நின்றபடி பிரபாவதி அந்தப் போனை அமுக்கிப் பார்த்தாள்.

கடைக்காரன் திருமுருகன் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு அவளையே பார்த்தான்.

"இன்னாக்கா, ஜோசியம் பாக்கறீங்களா?"

"சும்மா இரு தம்பி. எது எங்க இருக்குதுன்னு வெரலுக்குத் தெரியுதான்னு பாக்கறேன்."

தன் சொந்தப் போனில் இதை முதல்நாளே வீட்டில் செய்து பார்த்துவிட்டாள். கண்ணாடிமேல் துணி சுற்றிய விரல் வழுக்கிக்கொண்டே போனது. எந்த எழுத்தின்மேல் நிற்கிறோம் என்று விரலுக்கும் தெரியவில்லை, போனுக்கும் தெரியவில்லை. இது வேறு மாதிரி. மேல் பாதிதான் திரை. கீழ்ப் பாதி முழுக்கப் பொடிப் பொடிப் பட்டன்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் சரிவு. துணிக்கு உள்ளிருந்தும் அந்த மேடு தட்டுப்பட்டது. அமுக்கினால் 'டிக்' என்று உள்ளே இறங்கி, விட்டதும் எழுந்துகொண்டது.

கண்ணைத் திறந்தாள். அவள் நினைத்த எழுத்துதான் திரையில் இருந்தது.

"துபாய்லேர்ந்து ஒரு பையன் எடுத்தாந்தான்க்கா. ரெண்டே மாசம். படம் பாக்க முடியல, கேம் ஆட முடியல, ஒரே பேஜாருன்னு சொல்லி என் தலையில கட்டிட்டுப் பூட்டான்" என்றான் திருமுருகன்.

"நாங்க கேமா ஆடப் போறோம்? தமிழு வருமா?"

"பட்டன்மேல இங்கிலீசுதான் போட்டுக்கிது. நீங்க இங்கிலீசுல அடிச்சீங்கன்னா அதுவே தமிழா மாத்திக் காட்டும். அப்படி செட் பண்ணி வச்சிக்கிறேன்."

"ராத்திரில லைட்டு?"

"பட்டனுக்கு உள்ளயே எரியும்."

"கீழ போட்டா?"

"போடாதீங்க."

அவள் சிரிக்கவில்லை. போனை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். கொஞ்சம் கனம்தான். கனமாக இருந்தால்தான் அவர் கைக்குப் பிடித்துக்கொண்டிருப்பது தெரியும்.

"கண்டக்டர் அண்ணனுக்குத்தான?" திருமுருகன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "டிக்கெட் மிஷின்ல பாக்காமலே அடிக்கிற கையாச்சே. எதுக்கும் அவர் கையில ஒருவாட்டி குடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணுங்கக்கா."

"அவருக்கு எது சரிப்படும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. இருந்தாலும் அண்ணன் சொல்லட்டும். சிம் போடாம எடுத்துக்கினு போங்க. புடிச்சா வச்சிக்குங்க, இல்லன்னா கடை சாத்தறதுக்குள்ள கொண்டாந்து குடுத்துடுங்க. துட்டுப் பேச்சு அப்பறம்."

ஷேர் ஆட்டோவில் கீழ்ப்பெரும்பாக்கம் போகிற வரை அவள் போனைப் பையில் போடவில்லை. மடியிலேயே வைத்திருந்தாள்.

போன வாரம் அவள் வாய் தவறிச் சொன்ன ஒரு சொல்தான் அவளை இந்தக் கடைக்கு விரட்டியது.

இருதயராஜுக்குத் தொண்டையில் புற்று. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி, மூச்சு விட்டால் ஒரு சீறல். பிறகு ஏற்றிய மருந்தில் விரல் நுனிகள் மரத்துப்போயின. பேனா நழுவியது, சிலேட்டில் எழுதியது கோழி கிளறியதுபோல் இருந்தது. தாடைக்கு அடியில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்றும் கொடுத்தார்கள். கதிர்வீச்சுக் கரண்ட் வைத்து இறுகிப்போன கழுத்தில் அது பிடிக்கவே இல்லை.

அவர் வெறுமனே உதட்டை அசைப்பார். அந்த அசைவு பிரபாவதிக்குப் புரியாது. அவருடைய அக்கா சவுரியம்மாளுக்குப் புரியும். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத சவுரியம்மாள் தம்பியின் உதட்டைப் பார்த்து, "போத்திக்கணுமாம்" என்பாள். "ஃபேனக் கொறைக்கணுமாம்" என்பாள். சரியாக இருக்கும். அதுதான் பிரபாவதிக்குப் பொறுக்கவில்லை.

போன வாரம் திண்டிவனத்திலிருந்து வந்த சவுரியம்மாள், "தம்பி எங்கூட வந்துடறேன்னு சொல்றான். அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம வேன் எடுத்துக்கினு வந்து கூட்டிக்கினு போறேன்" என்றாள். இருதயராஜ் தலையையும் ஆட்டினார்.

"அவரு எல்லாத்துக்குந்தான் தலையாட்டுவாரு. நீங்களா ஒண்ணச் சொல்லிக்கினு இருக்காதீங்க அண்ணி. அவரு வாயால சொல்லட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றாள் பிரபாவதி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. 

சவுரியம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்: "வர்ற வெள்ளிக்கெழம வர்றேன். அதுக்குள்ள அவனுக்கு ஒரு வாயி வாங்கி வை."

இன்று வெள்ளிக்கிழமை.

ஏற்கெனவே பாதி மனுஷன் அங்கேதான் இருந்தார். விழுப்புரம் திண்டிவனம் ரூட்டில் ஓடின காலமெல்லாம் மதியச் சோறு அக்கா வீட்டில். மகள் அமலா திண்டிவனத்தில் கல்லூரி படிக்கிறாள். தங்கியிருப்பது அத்தை வீட்டில். மிச்சமிருந்தது இந்த ஊமை மனுஷனும், அவர் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியும். அதையும் கொடுத்துவிட்டு வெறும் வீட்டில் என்ன செய்வது? 

வீட்டுக்குள் நுழைந்ததும் போனை நீட்டினாள்.

"இந்தாங்க. பட்டன் வச்சது. ஒங்களுக்குன்னே தேடி எடுத்தாந்தேன்."

இருதயராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்தார். கதவு நிலையில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, இடது உள்ளங்கையில் போனைக் கிடத்தி, வலது கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்தார். ஓடுகிற பஸ்ஸில் சீட்டு முதுகில் சாய்ந்துகொண்டு டிக்கெட் போடுகிற அதே நிற்பு. மாதக்கணக்கில் அவள் பார்க்காத நிற்பு.

டிக். டிக். விரல் மெல்ல ஊர்ந்து, மேட்டைத் தேடி, அமுக்கியது. ஒரு தரம் தப்பாகப் போனது, அழித்துவிட்டு மறுபடி. திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

'சில்லறையா குடு.'

பிரபாவதி சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவருக்கும் தோள் குலுங்கியது; கழுத்துத் துளையில் காற்று புஸ் புஸ்ஸென்று வந்தது. பின்னாளில் அந்தப் பகலை நினைத்தாலும் அவளுக்கு முதலில் கேட்பது அந்தக் காற்றுச் சத்தம்தான்.

மதியம் ரசம் சாதத்தைப் பிசைந்து கொடுத்தாள். ரெண்டு வாய் விழுங்கிவிட்டு அடித்தார்.

'ரசமா, கை கழுவின தண்ணியா?'

"நாக்கு மட்டும் போவல பாரு. ஒங்க அக்கா வச்சா மட்டும் தேனா ஒழுவுதோ?"

அவர் புருவத்தைத் தூக்கிக் காட்டினார். ஒழுகுகிறதாம்.

சாப்பிட்டதும் மறுபடி போனை எடுத்தார். பிரபாவதி அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

'ம' என்று விழுந்தது.

"மாத்திரையா? இப்பதான போட்டீங்க."

அவர் தலையை அசைத்துவிட்டு அடுத்ததை அமுக்கினார். 'மழ'.

"மழையா? ஐயையோ, ஆமா, மாடில துணி கெடக்குது!" அவள் ஓடிவிட்டாள்.

அங்கன்வாடியில் இருபது வருஷம் வேலை பார்த்தவள். வாய் திறக்கத் தெரியாத பிள்ளைகள் முகத்தைச் சுளித்தாலே, "ஒண்ணுக்கா? தண்ணியா? அம்மாகிட்ட போணுமா?" என்று அவளே கேட்டு, அவளே பதிலும் சொல்லி, காரியத்தையும் முடித்துவிடுவாள். அவள் சென்டரில் எந்தப் பிள்ளையும் நெடுநேரம் அழுததில்லை. அந்தப் பேர் அவளுக்கு உண்டு.

துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கி வந்தபோது அவர் போனைப் பிடித்தபடியே காத்திருந்தார்.

'மழை வர்ற மாதிரி இருக்குது. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் வெளிய உக்காரலாமா?'

"வேணவே வேணாம். ஈரக் காத்து ஓட்டைல பூந்தா சளி கட்டிக்கும். டாக்டர் இன்னா சொன்னாரு?"

சன்னலையும் சாத்தினாள். அவர் எழுதியதை அழித்தார்.

நாலு மணிக் காபி கலக்கும்போது பிரபாவதிக்கு அந்த யோசனை வந்தது. காபியைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணி வந்து கேட்டா இன்னா அடிப்பீங்க?"

அவர் காபி டம்ளரை எடுத்துக்கொண்டார்.

"அந்த நேரத்துக்கு வெரலு தடுமாறப் போவுது. இப்பவே அடிச்சிப் பழகிக்குங்க. 'இங்கயே இருக்கேன்'. அவ்ளோதான். எங்க, அடிங்க."

அவர் 'இ' அடித்தார். விரல் நின்றது.

"குடுங்க, நான் அடிச்சிக் காட்டறேன்." போனை வாங்கி, இரண்டு கட்டைவிரலாலும் மளமளவென்று அடித்து முடித்து, அவர் மடியில் வைத்தாள். "தோ. இதப் பாத்து அடிச்சிக்கினே இருங்க. நான் ஏனத்தக் கழுவிட்டு வர்றேன்."

சமையலறையில் தண்ணீர் சத்தத்துக்கு நடுவே அந்த டிக் டிக் கேட்டது. ஒரே சீராக, ஒரே இடத்திலிருந்து. பழகுகிறார் என்று அவள் நினைத்தாள். மனசு லேசாக இருந்தது. வந்து பார்த்தபோது திரை வெள்ளையாக இருந்தது. அவள் அடித்துக் கொடுத்ததை எழுத்து எழுத்தாக அழித்திருந்தார்.

"அழிஞ்சிடுச்சா? பரவால்ல" என்றாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சவுரியம்மாள் வந்தாள். ஒரு கையில் கேப்பை மாவு, ஒரு கையில் வேகவைத்த மல்லாட்டை. மல்லாட்டையைத் தம்பி மடியில் வைத்து, தோலை உரித்து, நிலக்கடலையை விரலால் நசுக்கி அவர் வாயில் கொடுத்த பிறகுதான் தம்பி பெண்டாட்டி இருப்பதையே பார்த்தாள்.

"இன்னா பிரபா, நல்லாக்கிறியா?"

"இருக்கேன் அண்ணி. காபி போடவா?"

"வேணாம். ஜல்தியாப் போவணும், பஸ்ஸு பூடும்." அவள் பார்வை போன்மேல் விழுந்தது. "இதுவா வாயி?"

"ஆமா."

"கருவாடு மாரிக் கீது."

இருதயராஜ் தோள் குலுங்கச் சிரித்தார். பிரபாவதி சிரிக்கவில்லை.

"காலைலேர்ந்து அடிக்கிறாரு. ஒரு தப்பு இல்ல. இனிமே யாரும் அவருக்காவப் பேச வேணாம்" என்றாள் பிரபாவதி.

"சந்தோசம். எனக்கு எழுத்துத் தெரியாது. நீயே படி. நான் குறுக்கப் பேசல." சவுரியம்மாள் தம்பியின் முழங்காலில் கை வைத்தாள். "டேய் ராசு. எங்கூட வர்றியா, இங்க இருக்கறியா? ரெண்டுல ஒண்ணச் சொல்லிடு. வரலன்னா நான் ஒண்ணும் கோச்சிக்க மாட்டேன்."

இருதயராஜ் எழுந்தார். கதவு நிலையில் சாய்ந்தார். கட்டைவிரல் நகர ஆரம்பித்தது.

சின்ன பதில் என்றால் சட்டென்று முடிந்திருக்கும். முடியவில்லை. தெருவில் ஒரு மீன் வண்டி கத்திக்கொண்டு போனது, அவர் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடி நின்றது; அவர் அடித்துக்கொண்டிருந்தார். பிரபாவதி பின்னால் போய் எட்டிப் பார்க்க ஒரு காலை எடுத்து வைத்தாள். அவர் போனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

முடித்ததும் அவளிடம் நீட்டினார்.

'தொண்டை இருந்தப்பவே என்னப் பேச வுட்டியா நீ? நான் ஆரம்பிப்பேன், நீ முடிப்ப. இப்பவும் அதேதான். அக்கா வூட்டுல நான் உதட்ட அசைச்சி முடிக்கிற வரைக்கும் பொறுத்திருப்பாங்க. நான் போறேன். ஒன் மேல கோவம் இல்ல.'

பிரபாவதி படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். கடைசி வரிதான் அவளை அடித்தது. கோபம் என்று எழுதியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"இன்னாடி போட்டுக்கிறான்?" என்றாள் சவுரியம்மாள்.

பிரபாவதி நிமிர்ந்தாள்.

"இங்கயே இருக்கேன்னு சொல்றாரு."



"இத்தினி நேரம் அடிச்சானே. அம்மாந்தானா?"

"நீங்க வருத்தப்படக் கூடாதாம். அப்பப்ப வந்து பாத்துட்டுப் போவச் சொல்றாரு."

சொல்லச் சொல்ல அது அவளுக்கு எளிதாக வந்தது. இத்தனை வருஷப் பழக்கம்.

சவுரியம்மாள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். "அப்பிடியாடா?"

இருதயராஜ் தலையாட்டவில்லை. போன வாரம் ஆட்டிய தலைக்கு என்ன மரியாதை கிடைத்தது என்று அவருக்குத் தெரியும். மனைவியின் கையிலிருந்து போனை எடுத்தார். பிடுங்கவில்லை, டிக்கெட்டைச் சரிபார்க்க வாங்குகிற மாதிரி எடுத்தார். அக்காவின் உள்ளங்கையை விரித்து, அதில் போனை வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கினார். பிறகு உதட்டை அசைத்தார்.

பிரபாவதிக்கு ஒன்றும் புரியவில்லை. உதடு மூடித் திறந்து, பல் தெரிந்து, மறுபடி மூடியது. இருபத்துநாலு வருஷம் கூட வாழ்ந்தவள் சவுரியம்மாள் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

"இன்னாவாம் அண்ணி?"

சவுரியம்மாள் போனைப் புடவை முனையில் துடைத்தாள்.

"அமலாகிட்ட குடுக்கணுமாம். அவ படிச்சிட்டுச் சொல்லட்டுமாம்."

"அது கடைக்காரனது!" பிரபாவதியின் குரல் உயர்ந்துவிட்டது. "இன்னைக்கே திருப்பிக் குடுக்கணும். வாக்குக் குடுத்திருக்கேன்."

"ஒரு நாள் லேட்டாக் குடுத்தா கடை ஓடிப்பூடாது."

"அண்ணி, குடுங்க."

"நான் ஒன்ன ஒண்ணும் கேக்கலியே பிரபா" என்றாள் சவுரியம்மாள். அவள் குரலில் சண்டை இல்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "நீ சொன்னதுதான் இதுல இருக்குதுன்னா, அமலாவும் அதத்தான் படிப்பா. அப்பறம் நான் இந்தப் பேச்ச எடுக்கவே மாட்டேன். போதுமா?"

போனை ரவிக்கைக்குள் பர்ஸோடு செருகிக்கொண்டாள். தம்பியின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். தெருமுனையில் ஆட்டோ ஒன்றை அவள் கைதட்டிக் கூப்பிடுவது கேட்டது.

இருதயராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் ஒன்றுமில்லை. அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லி அனுப்பிவிட்டார். இனி போன் திரும்பி வருகிறவரை அவருக்குப் பேச்சு இல்லை. அதுபற்றிக் கவலைப்படுகிறவராகவும் தெரியவில்லை.

பிரபாவதி நடுவீட்டில் நின்றாள். பஸ் இந்நேரம் விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியிருக்கும். அடுத்தது கூட்டேரிப்பட்டு. அதற்கப்புறம் திண்டிவனம் எவ்வளவு தூரம்? அவர் இருந்த பஸ்ஸில் எத்தனை தரம் போயிருப்பாள், ஒரு தரமும் இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை.

தன் போனை எடுப்பதும் வைப்பதுமாக முக்கால் மணி நேரம் போன பிறகு அமலாவைக் கூப்பிட்டாள்.

"சொல்லும்மா."

"அத்த ஒரு போனு எடுத்துக்கினு வர்றாங்க. அதத் தொறக்காத. அப்படியே வச்சிரு, நாளைக்கி நான் வந்து வாங்கிக்கறேன்."

"ஏம்மா, என்ன போனு?"

"அப்பாவுக்குன்னு பாத்தது. சரிப்படல. கண்டதக் கண்டபடி அடிக்கிறாரு. வெரலுக்கு உணர்ச்சி இல்லல்ல? ஒண்ணு நெனச்சா ஒண்ணு வருது. நீ படிச்சிட்டு மனசக் கொழப்பிக்காத."



"அப்பாகிட்ட போனக் குடும்மா."

"அவரால பேச முடியாதுன்னு தெரியாதா ஒனக்கு?"

"பேச முடியாது. கேக்கும்ல? காதுல வை. நான் ஒரே ஒரு வார்த்த கேக்கறேன், ஆமான்னா ரெண்டு தட்டு தட்டச் சொல்லு."

பிரபாவதி எதிரே பார்த்தாள். இருதயராஜ் நிமிர்ந்து உட்கார்ந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்ன ஒரு சொல்லையும் அவர் விட்டிருக்க மாட்டார். போனுக்காகக் கையை நீட்டினார்.

"அப்பா தூங்கறாருடி" என்றாள் பிரபாவதி.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"சரி, தூங்கட்டும். அத்த வந்துட்டாங்க, கேட்டு தொறக்கற சத்தம் கேக்குது" என்றாள் அமலா. "வச்சிடறேன்மா."